ஓரமாப் போகச் சொல்றீங்க, ஓரம் எங்கே இருக்கு?

ஏழெட்டு மாதமாக வீட்டிலிருந்து சென்னை கொரட்டூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு சைக்கிளில் போய் வருகிறேன். போக இரண்டரை கிலோமீட்டர், வர இரண்டரை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதுதான் காரணம். பூமியைக் காப்பாற்றக் கிளம்பினேன் என்றெல்லாம் பீற்றிக்கொள்ள மாட்டேன். இந்த ஏழெட்டு மாதத்தில் காதில் அதிகம் விழுந்த வார்த்தை "ஓரமாப் போ". பைக், ஆட்டோ, ஷேர் ஆட்டோ, தண்ணீர் லாரி கிளீனர் என்று ஒருவர் பாக்கியில்லை. ஒரு நாள் ஸ்கூட்டியில் அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடத்துப் பொடியன்கூட "அங்கிள், ஓரமாப் போங்க" என்றான். மரியாதையாகச் சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

சரி, அந்த ஓரம் எது? எங்கள் பக்கத்துக் கடைத்தெரு எதிலாவது நின்று இடது கோடியிலிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். முதலில் கடையின் படிக்கட்டு, ஒரு அடி ரோட்டுக்குள் வந்திருக்கும். அப்புறம் மழைநீர் வடிகால். அதன் சிமெண்ட் மூடி ரோட்டைவிட நாலு விரற்கடை மேலே இருக்கும், இல்லாவிட்டால் நாலு விரற்கடை கீழே இருக்கும். ரோட்டுக்குச் சமமாக இருந்து நான் பார்த்தது குறைவு. அடுத்து கோணலும் மாணலுமாக பைக்குகள். அதற்கும் வெளியே வரிசையாகக் கார்கள். இத்தனையும் போக மிஞ்சும், மணல் படிந்த ஒரு முழ அகலம்தான் எங்களுக்கான ஓரம். நிற்கும் கார்களின் டிரைவர் பக்கக் கதவு திறப்பதும் சரியாக அந்த ஒரு முழத்துக்குள்தான்.

பிப்ரவரியில் அப்படி ஒரு கதவு திறந்தது. மருந்துக்கடை வாசல், சாயங்காலம் ஏழு மணி. நான் பத்து கிலோமீட்டர் வேகத்தில்கூட வந்திருக்க மாட்டேன். ஹேண்டில்பார் கதவில் மாட்டி, வலது பக்கமாகச் சாய்ந்து ரோட்டின் மேலேயே விழுந்தேன். பின்னால் வந்த மாநகரப் பேருந்தின் டிரைவர் பிரேக் அடித்தார், அதனால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கார்க்காரர் இறங்கி முதலில் கதவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "பார்த்து ஓரமா வரக் கூடாதா சார்?" என்றார். ஓரமாக வந்ததால்தானே விழுந்தேன் என்று சொல்ல அந்த நேரத்தில் வாய் வரவில்லை. மனுஷன் கெட்டவர் இல்லை. தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார், கழன்ற செயினை அவரே மாட்டிவிட்டார், சட்டைக் கையெல்லாம் கிரீஸ். அவரை இதே ரோட்டில் மறுபடி பார்த்தால் கை அசைப்பேன். ஆனால் கதவைத் திறக்க அவருக்கும் வேறு இடம் கிடையாது, போக எனக்கும் வேறு இடம் கிடையாது.

முழங்கையில் கட்டோடு வீட்டுக்கு வந்தபோது அப்பா சிரித்தார். அவர் முப்பது வருஷம் வில்லிவாக்கத்திலிருந்து அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு சைக்கிளில் வேலைக்குப் போனவர். லேத் ஆபரேட்டர். எழுபதுகளில் முதல் ஷிப்டுக்கு சங்கு ஊதும் முன்னால், திருவள்ளூர் போகிற எம்.டி.எச். ரோடு முழுக்க சைக்கிள்தான் என்பார். கேரியரில் டிபன் கேரியர், ஹேண்டில்பாரில் மஞ்சள் பை, சக்கரத்தில் உரசிக்கொண்டு டைனமோ. விளக்கு இல்லாமல் போனால் போலீஸ் நிறுத்தும், டபுள்ஸ் ஏற்றினாலும் நிறுத்தும். நகராட்சிக்கு வரி கட்டி, ஒரு தகர வில்லையை வாங்கி சைக்கிளில் மாட்டியிருக்க வேண்டும். "எங்களை யாரும் ஓரமாப் போன்னு சொன்னதில்லடா. நாங்கதான் ரோடு" என்றார்.

வயசானவர் பழங்கதை பேசுகிறார் என்று நினைக்க வேண்டாம். 1970-ல் இந்த நகரத்தில் நடந்த பயணங்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று சைக்கிளில் நடந்தது. 2008-ல் எடுத்த போக்குவரத்துக் கணக்கெடுப்பில் அது 6 சதவீதமாகிவிட்டது. இன்னொரு கூத்து, ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் செய்கிற டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியது இதே அம்பத்தூரில், இதே எம்.டி.எச். ரோட்டில். தேசத்துக்கே சைக்கிள் செய்து அனுப்பிய அந்த ரோட்டில் சைக்கிளுக்கென்று ஒதுக்கிய ஒரு சாண் இடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

"இப்ப யாரு சார் சைக்கிள் ஓட்டுறா?" என்று கேட்பவர்கள் காலை ஐந்தரைக்கும் ராத்திரி பத்து மணிக்கு மேலும் தெருவுக்கு வந்து பார்க்க வேண்டும். பேப்பர் போடும் பையன், பால் பாக்கெட் போடுபவர், ஷிப்டு முடிந்து திரும்பும் ஏ.டி.எம். காவலாளி, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா, கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் தம்பிகள். ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் கண்ணில்தான் படுவதில்லை. எங்கள் தெருமுனைக்கு ராத்திரி பதினொன்றுக்கு ஒரு டீக்காரர் வருவார். கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய எவர்சில்வர் கேன், ஹேண்டில்பாரின் ஒரு பக்கம் பேப்பர் கப் பை, மறுபக்கம் பிஸ்கட் டப்பா. கேன் நிறைய டீ இருக்கும்போது சைக்கிள் மிதிப்பது எப்படி என்று கேட்டேன். "டீ வித்துட்டா சுலபம்ணே. விக்கிறவரைக்கும் பள்ளத்துல இறக்கக் கூடாது, கேன் ஆடுனா மூடி தெறிச்சிடும்" என்றார். அதனால் அவர் ஓரத்துப் பள்ளத்தை விட்டுவிட்டு நடு ரோட்டில்தான் போவார். திட்டு வாங்கிக்கொண்டே போவார்.

நம் ஊரில் சைக்கிள் என்றாலே பேச்சு சட்டென்று ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை ஹெல்மெட்டும் இறுக்கமான பனியனுமாகப் போகும் குழுக்கள், ஏரிக்கரையில் பெயின்ட் அடித்த உல்லாசப் பாதை. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அந்தச் சைக்கிளின் விலையைக் கேட்டு கொஞ்சம் பொறாமை உண்டு, அவ்வளவுதான். ஆனால் ஏரியைச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிற பாதையால் டீக்காரருக்கு என்ன பிரயோஜனம்? அவருக்கு கொரட்டூரிலிருந்து பாடிக்குப் போக வேண்டும்.

அடுத்து எதிர்த்திசை விவகாரம். சைக்கிள்காரன் ராங் சைடில் வருகிறான் என்ற புகார் உண்மை. நானும் வந்திருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் வருகிறோம்? பெரிய ரோடுகளில் நடுவே இருந்த இடைவெளிகளை ஒவ்வொன்றாக அடைத்து, முக்கால் கிலோமீட்டர் தாண்டி யு-டர்ன் வைத்துவிட்டார்கள். பைக்குக்கு அது ஒரு நிமிஷம். மிதிப்பவனுக்குப் போக முக்கால், வர முக்கால், ஆக ஒன்றரை கிலோமீட்டர். எதிர்ப்பக்கம் தெரிகிற மளிகைக்கடைக்குப் போக மே மாத வெயிலில் ஒன்றரை கிலோமீட்டர் மிதிக்கிறவர் இருந்தால் அவர் காலில் விழுவேன். யு-டர்னுக்குப் போனாலும், வேகமாக வருகிற வண்டிகளுக்கு நடுவே வலது கோடிக்கு ஏற வேண்டும். அங்கே உயிர் போவதற்கு இங்கே திட்டு வாங்கிவிடலாம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ரோட்டை வரைந்தவருக்கு என்ஜின் இல்லாத வண்டி ஒன்று இருக்கிறது என்பதே ஞாபகத்தில் இல்லை. 2022-ல் நாடு முழுக்கச் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் சைக்கிளில் போனவர்கள் 4,800-க்கும் மேல்.

சட்டம், கொள்கை எதற்கும் குறைச்சல் இல்லை. 2014-ல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. இந்தியாவிலேயே முதலில் இதைச் செய்த மாநகராட்சி நம்முடையது. போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதத்தை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும், 2018-க்குள் இந்த இரண்டு வகைப் பயணமும் சேர்ந்து 40 சதவீதத்தைத் தாண்ட வேண்டும், இவர்களின் விபத்துச் சாவு பூஜ்யமாக வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நியாயமாகச் சொல்வதென்றால் நடப்பவருக்குக் கொஞ்சம் கிடைத்தது. பாண்டி பஜாரில் 2019-ல் திறந்த நடைபாதை வளாகத்தில் குழந்தையின் கையை விட்டுவிட்டு நடக்கவைக்க முடிகிறது. சைக்கிளுக்கு? தமிழ்நாடு அரசு இருபது வருஷத்துக்கு மேலாக பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையை மாற்றிய திட்டம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சைக்கிளைக் கொடுத்த அரசாங்கம் அதை எங்கே ஓட்டுவது என்று சொல்லவில்லை. சென்னையில் எத்தனையோ வீடுகளில் அந்தச் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது, பெண்ணை வேனில் அனுப்புகிறார்கள். "ரோடு பயமா இருக்குங்க" என்று என்னிடமே சொன்ன அம்மாக்கள் உண்டு.

வெயில் என்பார்கள். மத்தியான வெயிலில் மிதிப்பவர்கள் ஏற்கெனவே மிதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், வெயில் குறையட்டும் என்று காத்திருக்க அவர்களுக்கு வசதியில்லை. நம் ஊர் தட்டையான ஊர், மேடு என்றால் மேம்பாலம்தான். ஹாலந்தும் தட்டை, அதனால்தான் அங்கே சைக்கிள் என்று சொல்வோருக்கு ஒரு தகவல்: அங்கேயும் அறுபதுகளில் காருக்காகத் தெருக்களை அகலப்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். 1971-ல் சாலையில் 3,000-க்கும் அதிகமானோர் செத்தார்கள், அதில் 400-க்கு மேல் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று பெற்றோர்கள் தெருவை மறித்து உட்கார்ந்த பிறகுதான் பாதை வந்தது.

கார், பைக் வைத்திருப்பவர்களின் இன்னொரு வாதம், ரோடு டாக்ஸ் கட்டுவது நாங்கள் என்பது. ஐயா, தெரு ரோடுகளைப் போடுகிற மாநகராட்சிக்குச் சொத்து வரி போகிறது. டீக்காரர் கொடுக்கிற வாடகைக்குள் அந்த வரியும் இருக்கிறது. அப்பா தலைமுறை சைக்கிளுக்கே வரி கட்டியதையும் மேலே சொல்லிவிட்டேன்.

இடமே இல்லை என்பதைத்தான் நான் லேசில் விடுவதாக இல்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தச்சு வேலைக்கு வாங்கிய டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போகும் ரோட்டை அளந்தேன். பதினெட்டு மீட்டர், சுமார் அறுபது அடி. இரண்டு பக்கமும் கார் நிற்க, ஒரு பக்கத்துக்கு இரண்டு மீட்டர் போகிறது. சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் 1962-லேயே சைக்கிள் பாதைக்கென்று தனிக் கையேடு போட்டிருக்கிறது. அதில் கேட்கும் குறைந்தபட்ச அகலம் எவ்வளவு தெரியுமா? அதே இரண்டு மீட்டர். இடம் இருக்கிறது, அதில் கார் நிற்கிறது. அதுவும் பகல் முழுக்க, ராத்திரி முழுக்க, காலணா கொடுக்காமல். ஒரு கார் அடைக்கும் பத்து சதுர மீட்டருக்கு வீட்டு வாடகை இந்த ஏரியாவில் என்ன என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

எல்லாத் தெருவிலும் பாதை வேண்டும் என்று கேட்கவில்லை. சந்துகளில் வண்டிகள் மெதுவாகப் போனால் போதும். குடியிருப்புப் பகுதியில் 30 கிலோமீட்டர்தான் என்று 2023-லேயே போக்குவரத்துப் போலீஸ் அறிவித்துவிட்டது. நான் கேட்பது ஸ்டேஷன், எஸ்டேட், பள்ளிக்கூடம், மார்க்கெட்டுக்குப் போகிற பெரிய ரோடுகளில். வெறும் வெள்ளைக் கோடு வேண்டாம், அடுத்த நாளே அதன் மேல் இளநீர் வண்டி நிற்கும். முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு, ரோட்டுக்குச் சமமான வடிகால் மூடி, சிக்னலில் குறுக்கே போக ஒரு வழி. இவ்வளவுதான்.

வார்டுக் கூட்டத்தில் கொடுக்க மனு எழுதி வைத்திருக்கிறேன். ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பக்கம் மட்டுமாவது கார் நிறுத்துவதை எடுத்துவிட்டு சைக்கிளுக்குக் கொடுங்கள் என்று. அன்றைக்கு டேப்போடு போனபோது அந்தப் பக்கம் நின்ற கார்களையும் எண்ணினேன். முப்பத்தொன்று. அதில் ஒன்று என்னுடையது. எங்கள் சந்துக்குள் கார் நுழையாது, ஆறு வருஷமாக அங்கேதான் நிறுத்துகிறேன்.

மனுவைப் படித்துப் பார்த்துவிட்டு, "அப்ப நம்ம காரை எங்கே விடுறது?" என்று கேட்டாள் மனைவி. மூன்று நாளாகிறது, இன்னும் பதில் சொல்லவில்லை.