வாள் முழுக்க எழுத்து

போன மாதம் லண்டனில் ஒரு பழம்பொருள் சந்தையில் கஸ்காரா ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சூடானியர்களின் நேர்வாள். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், இருபுறமும் கூர், சிலுவை மாதிரிக் கைக்காப்பு. பிடியிலிருந்து முனை வரை இடம் விடாமல் அரபு எழுத்து. விற்றவர் குரலைத் தாழ்த்தி, "ஓம்துர்மான் போர்க்களத்தில் எடுத்தது சார்" என்றார். இந்த மாதிரி வாளை யார் விற்றாலும் சொல்கிற கதை அதுதான்.

நான் சின்ன வயசில் மதரஸாவில் ஓதியவன். அர்த்தம் தெரியாவிட்டாலும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன். பிடிக்குக் கீழே 'நஸ்ரும் மினல்லாஹி வஃபத்ஹுன் கரீப்' என்று தெளிவாக இருந்தது. அல்லாஹ்வின் உதவி, அருகில் வெற்றி. ஒரு சாண் தள்ளி அதே வரி. அப்புறம் மறுபடியும் அதே. முனைப்பக்கம் போனால் அலிஃபும் லாமும் பின்னிக் கிடக்கின்றன, ஒரு சொல்லும் கூடவில்லை. எழுதியவருக்கு அலுத்துவிட்டதா, பார்த்து வரைந்தவருக்கு எழுத்தே தெரியாதா!

இது உளியால் செதுக்கியதில்லை, அமிலத்தால் அரித்தது. எழுத்து நடை துலுத், அரபு அலங்கார எழுத்தில் ஒரு வகை. சூடானில் எகிப்திய ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய மதத் தலைவர் மஹ்தி. அவருடைய ஆட்கள் 1885-இல் தலைநகர் கார்ட்டூமைப் பிடித்தார்கள். அதே வருடம் அவர் இறந்துபோக, கலீஃபா அப்துல்லாஹி 1898 வரை ஆண்டார். இந்த எழுத்து மோகம் அந்த ஆட்சியோடு சேர்ந்தது. எறிகத்திகளையும் விடவில்லை. அவற்றில் பல, மெல்லிய தகட்டில் வெட்டியவை. எறிந்தால் யாருக்கும் காயம்படாது. என்னைக் கேட்டால், இவை வெட்டுவதற்குச் செய்தவையே இல்லை, தூக்கிக் காட்டுவதற்குச் செய்தவை. நான் பார்த்த வாளின் விளிம்பில் ஒரு பல் கூட விழவில்லை.

1898 செப்டம்பர் 2 அன்று ஓம்துர்மானில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சூடானியர் செத்தார்கள். எதிர்த்து வந்த பிரிட்டிஷ் தளபதி கிச்சனர் பக்கம் ஐம்பது பேர் கூட இல்லை. மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் வாள் என்ன செய்யும்? ஜெயித்த சிப்பாய்கள் கிடைத்ததை எல்லாம் ஊருக்கு அள்ளிக்கொண்டு போனது உண்மை. பின்னால் வந்த வெள்ளைக்காரர்களுக்கு விற்பதற்கென்றே செய்ததும் உண்டு. ஆனால் சந்தையில் எல்லாமே போர்க்களத்து வாள்தான், கதைக்குத் தனி விலை.

இந்தப் பொய்யைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்கு உறுத்துவது வேறு. 2023 ஏப்ரலில் தொடங்கிய போரில் கார்ட்டூம் தேசிய அருங்காட்சியகத்தைச் சூறையாடிவிட்டார்கள். சூடான் பொருள்களை வாங்காதீர்கள், விற்காதீர்கள் என்று யுனெஸ்கோ 2024-லேயே கேட்டுக்கொண்டது. இந்த நேரத்தில் காகிதம் இல்லாத வாளை "தாத்தா காலத்துச் சொத்து" என்று நம்பி வாங்குகிற நண்பர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

விற்றவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: இது சூடானை விட்டு எப்போது வெளியே வந்தது, அதற்கு ஏதாவது சீட்டு இருக்கிறதா? வாளை என் கையிலிருந்து வாங்கி உறைக்குள் போட்டார். "வேணும்னா விலையைக் குறைச்சுக்கலாம் சார்" என்றார்.