கரண்ட் போனால் சாதாரண மாடி சோலாரும் நின்றுவிடும்

மாடியில் சோலார் போட்டுவிட்டால் மின்தடையிலும் பகல் முழுக்க வீடு ஓடும், பேட்டரி தேவையில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நெட் மீட்டருடன் (லைனிலிருந்து எடுப்பதையும் லைனுக்குக் கொடுப்பதையும் கணக்கிடும் மீட்டர்) இணைந்த சாதாரண ஆன்-கிரிட் அமைப்பில், அதாவது பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்தே ஓடும் அமைப்பில், அது நடக்காது. வெயில் கொளுத்தினாலும், லைனில் மின்சாரம் போனதும், சோலார் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் ஓரிரு நொடிகளில் தானே நின்றுவிடும். இது கோளாறு இல்லை. நம் சோலார் மின்சாரம் லைனுக்குள் பாயாமல் தடுத்து, கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனின் உயிரைக் காக்கும் ஏற்பாடு. மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதிமுறைகளும் இதைக் கட்டாயமாக்குகின்றன.

தடையிலும் ஓட வேண்டுமானால் கட்டடம் லைனிலிருந்து பிரிந்து, தன் மின்சாரத்தில் தானே ஓடும் தனி மைக்ரோகிரிட்டாக நிற்க வேண்டும். அதற்கு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் (லைன், பேட்டரி இரண்டோடும் வேலை செய்வது), பேட்டரி, லைனைத் துண்டிக்கும் சுவிட்ச் எல்லாம் வேண்டும். லிஃப்ட், தண்ணீர் மோட்டார் போன்ற அவசிய லோடுகளைத் தனி சர்க்யூட்டாகப் பிரிப்பதும் முக்கியம்; வயரிங் போடும்போதே செய்வது நல்லது, பிறகு சுவரை உடைக்க வேண்டிவரும்.

சரிபார்ப்பது சுலபம். இன்வெர்ட்டரின் டேட்டா ஷீட்டில் 'ஆன்டி-ஐலேண்டிங்' (லைன் போனதும் தானே நிற்கும் வசதி) என்ற வரியையும், 'பேக்கப்' அவுட்புட் (தடையிலும் மின்சாரம் தரும் தனி இணைப்பு) இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஏற்கெனவே சோலார் உள்ளவர்கள், அடுத்த முறை பகலில் கரண்ட் போகும்போது இன்வெர்ட்டர் திரையைப் பாருங்கள்: உற்பத்தி பூஜ்ஜியமாக இருந்தால் உங்களுடையது ஆன்-கிரிட்.