வளையத்தைப் பார்த்து ஜாதகம் எழுதுபவர்களுக்கு

முந்தாநாள் நம் பழைய பதக்கக் குழுவில் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "எம்டன் மாலுமியின் இரும்புச் சிலுவை, கே.ஓ. முத்திரை, நூறு சதவீதம் ஒரிஜினல்" என்று படம் போட்டவருக்கு லைக் கொட்டியது. இரும்புச் சிலுவை ஜெர்மன் போர்ப் பதக்கம், எம்டன் முதல் உலகப் போரில் ஓடிய ஜெர்மன் போர்க்கப்பல். முத்திரை இருந்த வளையத்தை மட்டும் காட்டாமல் சிலுவையின் ஓரத்தையும் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள் என்று கேட்ட எனக்குக் கிடைத்தது, "வந்துட்டாருய்யா ஜெர்மன் மியூசியம்." சரி, மியூசியமாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

கே.ஓ. என்பது பெர்லின் அரச நாணயச்சாலையின் குறி. அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் 1914ஆம் ஆண்டு இரண்டாம் வகுப்புச் சிலுவையில் அந்தக் குறி எங்கே இருக்கிறது? ரிப்பன் கோக்கும் வளையத்தில். வளையம் தனித்துண்டு. ஒரு சின்னக் குறடு இருந்தால் இதைக் கழற்றி அதில் மாட்டிவிடலாம். நூறு வருடத்தில் எத்தனை கை மாறியிருக்கும், எத்தனை வளையம் தொலைந்திருக்கும்? வளையம் யார் செய்தது என்பது வேறு கேள்வி, சிலுவை யார் செய்தது என்பது வேறு கேள்வி. முந்தாநாளும் இதைத்தான் சொன்னேன்.

சிலுவை நடுவில் கறுப்பு பூசிய இரும்புத் தகடு. முன்னும் பின்னும் இரண்டு வெள்ளிச் சட்டங்கள், ஓரத்தில் பற்றவைத்தது. அந்தச் சட்டத்தின் மணிவேலைப்பாடு, மூலைகள் சேரும் விதம், கிரீடத்தின் வடிவம், 1914இல் அந்த 4 எப்படி நிற்கிறது, இதெல்லாம் அச்சிலிருந்து வருவது. அச்சை யாரும் குறடால் மாற்ற முடியாது. யார் செய்தது என்பதில் சந்தேகமே இல்லாத சிலுவைகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அலுப்பான வேலைதான். வேறு வழி இல்லை.

இன்னொருவர் '800' என்பதைத் தயாரிப்பாளர் எண் என்றார். ஐயா, அது வெள்ளியின் தரம். ஆயிரத்தில் எண்ணூறு பங்கு. இன்னொரு மேதை 4 என்ற எண்ணைப் பார்த்து ஸ்டைன்ஹாவர் & லூக் என்ற பதக்கக் கம்பெனியின் பெயரை 1914 சிலுவைக்கு வைத்தார். கம்பெனிகளுக்கு எண் கொடுத்த அந்தப் பட்டியல் இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. அதிலும் இரண்டு பட்டியல்கள் உண்டு. அதே கம்பெனி ஒன்றில் 4, இன்னொன்றில் எல்/16. எந்தப் பட்டியல், எந்த வருடம் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் பஸ் நம்பரை வைத்து வீட்டு விலாசம் சொல்வது போலத்தான்.

எம்டன் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கப்பல், நமக்கெல்லாம் அதன் மேல் ஒரு ஈர்ப்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சிலுவையில் வாங்கியவர் பெயர் பொறிப்பது வழக்கமில்லை. கூடவே சான்றிதழ் இருந்தால் பேசலாம். முதல் உலகப் போரில் இரண்டாம் வகுப்புச் சிலுவை ஐம்பது லட்சத்தை ஒட்டிக் கொடுக்கப்பட்டது. அத்தனையிலும் உங்கள் கையில் இருப்பது மட்டும் எப்படி எம்டன் மாலுமியுடையது ஆனது?

"பொழுதுபோக்குதானே, ஏன் இவ்வளவு சூடு?" என்பார்கள். சொல்கிறேன். நான் இங்கே ஜெர்மனியில் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு பாட்டி இருந்தார். அவருடைய தாத்தாவின் சிலுவையை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். வளையத்தில் எந்தக் குறியும் இல்லை. யாரோ ஒரு வியாபாரி "குறி இல்லை, போலி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். குறியே இல்லாத அசல் சிலுவைகள் எத்தனையோ உண்டு. பாட்டிக்கு அது தெரியாது. தாத்தா குடும்பத்திடம் பொய் சொல்லிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். விலை அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. உட்கார்ந்து சட்டத்தையும் பற்றவைப்பையும் காட்டி, இது அந்தக் காலத்து வேலைதான், யார் பட்டறை என்று மட்டும் சொல்ல முடியாது என்றேன். அவர் அழுதுவிட்டார். நீங்கள் கீபோர்டில் தட்டுகிற "போலி", "ஒரிஜினல்" எல்லாம் இப்படி ஒரு வீட்டில் போய் விழுகிறது.

"யார் பட்டறை என்று தெரியாதென்றால் நீ என்ன நிபுணன்?" தெரியாததைத் தெரியாது என்று சொல்லத்தானய்யா இத்தனை வருடம் படித்தது! நகை, பதக்க வேலைக்குப் பேர்போன ஃபோர்ட்ஸ்ஹைம் நகரம் 1945 பிப்ரவரி 23 இரவு குண்டுவீச்சில் எரிந்தது. 17,000 பேருக்கு மேல் செத்தார்கள். பட்டறைகளும் போயின. இனி எல்லாவற்றுக்கும் விடை கிடைக்காது.

"நாஜிப் பொருளுக்கு வக்காலத்தா?" என்று கேட்டவருக்கு: 1914இல் நாஜிக் கட்சியே கிடையாது. அடுத்து.

நான் கேட்ட படம் இன்னும் வரவில்லை. என் கமெண்டைத்தான் காணோம். நீக்கியது யார் என்று குழு நிர்வாகிகள் சொல்லலாம். எனக்கு இன்பாக்ஸில் "சாரி சார்" எல்லாம் வேண்டாம், திட்டியது அங்கேதானே, பதிலும் அங்கேயே போடுங்கள். அப்படியே சட்டத்தின் நாலு மூலைக்கும் வெளிச்சத்தில் ஒரு படம்.