முதலில் பைலைக் காட்டுங்கள் தம்பி

போன சனிக்கிழமை பின்னேரம் கடற்கரையில் கச்சான் வாங்கி இன்னும் உட்காரக்கூட இல்லை, வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. லப்டொப் திரையை போனால் சரித்துப் பிடித்து எடுத்த படம். பாதித் திரை, அதன் மேல் டியூப் லைட்டின் வெளிச்சம், அடியில் சிவப்பாக ஒரு பிழைச் செய்தி வரி. கூடவே ஒரே வசனம்: “அண்ணா, கோட் வேலை செய்யுதில்லை.”

பைத்தன் என்ற நிரல்மொழி பழகத் தொடங்கிய பிள்ளைகளிடமிருந்து எனக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். என்ன செய்யப் பார்த்தார்கள் என்று இருக்காது, எந்தப் பைலை வைத்துச் செய்தார்கள் என்றும் இருக்காது. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பதில் சொல்கிற எங்களில்தான் பிழை என்று கொஞ்ச நாளாகப் படுகிறது. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தம்பி ஏ.எல் எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கிறவர். வீட்டுக்குப் பக்கத்துக் கோவிலில் திருவிழா உபயகாரருக்குப் பெயர் போட்டுப் பற்றுச்சீட்டு அச்சடிக்க வேண்டும். நானூறு சொச்சம் பெயர். செயலாளர் ஐயா வருடக்கணக்காக எக்செல்லில் பாமினி எழுத்துருவில் தட்டிச் சேர்த்த பட்டியல். “நீ கொம்பியூட்டர் படிக்கிறாய்தானே” என்று பென்டிரைவைக் கையில் வைத்துவிட்டார். தம்பி அதை, கட்டங்களைக் கொமாவால் பிரிக்கிற சி.எஸ்.வி பைல் ஆக்கி, வரி வரியாக வாசித்து, கொமா வருகிற இடத்தில் ஸ்பிளிட் செய்து பெயர், விலாசம், தொகை என்று பிரித்திருக்கிறார். அநேகமானவர்களுக்குச் சரியாக வந்தது. சிலருக்கு மட்டும் எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப் போய், விலாசத்தின் இடத்தில் பெயரும் தொகையின் இடத்தில் விலாசமும் நின்றன. விலாசத்தை எண்ணாக மாற்றப் போனால் சிவப்பு வரி வராமல் என்ன செய்யும்?

என்னிடம் வருவதற்கு முன் வேறொருவரிடமும் கேட்டிருக்கிறார். அவர் அனுமார் வால் நீளத்துக்கு ஒரு ரெகெக்ஸ் (எழுத்துக் கோலங்களைத் தேடிப் பிடிக்கிற குறிவரி) எழுதி அனுப்பி, “இதைப் போடு, சரி வரும்” என்றிருக்கிறார். போட்டாராம். சில வரிகள் சரியாகி, முன்பு சரியாக இருந்த சில வரிகள் பிழையாகின. அந்த ரெகெக்ஸில் ஒரு குறிகூடத் தம்பிக்கு விளங்கவில்லை. அதைத் திருத்தவும் வழியில்லை, எறியவும் மனமில்லை.

நான் கேட்டது ஒன்றுதான். “கோட் கிடக்கட்டும். பிழையாகிற வரிகளை மட்டும் எக்செல்லில் பார்த்து, அந்தப் பெயர்களை எனக்கு வாசித்துக் காட்டுங்கள்.” குரல் பதிவு வந்தது. இராசரத்தினம். இந்திராணி. இலட்சுமிப்பிள்ளை. இராசம்மா என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். “அண்ணா, எல்லாம் இனாவில தொடங்குது.”

பாமினியில் தட்டியவர்களுக்கு இப்போது சிரிப்பு வந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாமினி எழுத்துருவில் திரையில் தெரிவது தமிழ், பைலுக்குள் கிடப்பது ஆங்கில விசைகள். தமிழ் என்று தட்டினால் உள்ளே ஜே, கே, பி, ஓ என்று நாலு எழுத்தும், ழகரத்தின் புள்ளிக்கு ஒரு அரைப்புள்ளியும் இருக்கும். இ என்ற எழுத்துக்கு உள்ளே இருப்பது கொமா! உண்மையான கொமா வேண்டுமென்றால் அது வேறு விசையில். ஆகவே இராசரத்தினம் என்ற பெயர் அந்தப் பைலில் கொமாவோடுதான் தொடங்குகிறது. எக்செல் அதைக் கவனித்து, பெயரைச் சுற்றி மேற்கோள்குறி போட்டுத்தான் சேமித்திருந்தது. ஸ்பிளிட்டுக்கு மேற்கோள்குறி என்றால் என்னவென்று தெரியாது, கொமாவைக் கண்ட இடத்தில் வெட்டும். கொமாவுக்குப் பதில் அரைப்புள்ளியில் வெட்டியிருந்தால் இன்னும் கேவலம், மெய்யெழுத்து ஒவ்வொன்றும் புள்ளியை இழந்திருக்கும்.

தீர்வு, பைத்தனோடு சும்மா வருகிற சி.எஸ்.வி மொடியூல், அதாவது ஆயத்தமாக எழுதி வைத்த கோட். மேற்கோள்குறியை அது பார்த்துக்கொள்ளும். இரண்டு வரி மாற்றம்.

அதற்குப் பிறகு பாமினியை, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியெண் இருக்கிற யுனிகோடுக்கு மாற்றுகிற வேலை. இதில் தம்பி தானே விழுந்து தானே எழும்பினார், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு விசைக்கும் ஒரு தமிழ் எழுத்து என்று பட்டியல் போட்டு ரீபிளேஸ் செய்தால் போதும் என்று நினைத்தார். பாமினியில் கோ எழுத முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு க, பிறகு அரவு என்று கையால் எழுதும் வரிசையில் தட்டுவோம். யுனிகோடில் க முதலில் வரும், ஓகாரக் குறி ஒன்றாக அதன் பின்னால் வரும். தனித்தனியாக மாற்றினால் கொம்பு முந்திய எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும், கோணேசரே ஆள் மாறிப்போவார். மூன்று விசை சேர்ந்து வருகிறவற்றை முதலில் மாற்ற வேண்டும், பிறகு இரண்டு சேர்ந்தவற்றை, கடைசியில் ஒற்றை விசைகளை. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. “கோணேசர் என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துப் பாருங்கள்” என்றேன், ராத்திரி பதினொரு மணிக்கு அவரே கண்டுபிடித்து எழுதினார். அந்த வட்ஸ்அப் செய்தியில் இருந்த ஆச்சரியக்குறிகளை நான் எண்ணவில்லை.

அந்த ரெகெக்ஸ் அனுப்பியவரைத் திட்டுவதற்கு எனக்குத் தகுதி இல்லை. பல வருடம் நானும் அந்த ஆள்தான். யாராவது கேட்டால், கேள்வியைப் பாதி வாசித்துவிட்டு, ஒரே வரியில் முடிக்கிற விடையைத் தேடுவேன். கேட்டவருக்கு விளங்குமா என்பது என் கவலையாக இருந்ததில்லை, பார்க்கிறவர்கள் மெச்ச வேண்டும். இன்னொரு வகை, “இதுகூடத் தெரியாமல் ஏன் கோட் எழுத வந்தாய்” என்று கேட்பவர்கள். அவர்களைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க விருப்பமில்லை.

வரிகளை வெட்டி ஒட்டுகிற இந்த வேலை ஏதோ சில்லறை வேலை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. 1977இல் பெல் ஆய்வுகூடத்தில் ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்ற மூன்று பேர் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஓக் (AWK) என்று ஒரு மொழி செய்தது இதற்காகத்தான். 1987இல் லாரி வோல் பேர்ல் மொழியை வெளியிட்டதும் கோப்புகளைப் படித்து அறிக்கை எடுக்கிற தொல்லைக்காக. எங்கள் செயலாளர் ஐயாவின் பிரச்சினை பெரிய மனிதர்களின் பிரச்சினைதான்.

நமக்கு முக்கியமான வருடம் வேறு. 2008இல் பைத்தன் 3 வந்தபோதுதான் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) என்றாலே யுனிகோட் என்று ஆனது. அதற்கு முன் தமிழ் என்ற சொல்லின் நீளத்தைச் சும்மா கேட்டால் 15 என்று பைட் கணக்குச் சொல்லும். இப்போது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று எண்ணி 5 என்கிறது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் எண்ணினால் 3. ஒரு பிள்ளைக்கு முதல் வகுப்பில் இந்த மூன்று எண்ணையும் காட்டி ஏன் என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் போவது தெரியாது. திருகோணமலைக்கு ஆறு எழுத்து, பைத்தனுக்குப் பத்து. திருக்கோணமலை என்று ககர ஒற்றுப் போட்டு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அது பைத்தனுக்கு வேறொரு ஊர். சுருக்கி எழுதுகிற திருமலை மூன்றாவது ஊர்.

ரியூசன்களில் இதையெல்லாம் யார் காட்டுகிறார்கள்? நட்சத்திரக் குறியால் முக்கோணம் அச்சிடு, அதையே தலைகீழாக அச்சிடு. நட்சத்திர முக்கோணம் கேட்டு எந்தக் கடை முதலாளியும் வந்ததை நான் பார்த்ததில்லை. உதாரணத்துக்குக் கொடுக்கிற பைலும் கழுவித் துடைத்த ஆங்கிலப் பைலாக இருக்கும். வீட்டில் இருக்கிற பைலைத் திறந்ததும் பிள்ளை பயந்துவிடும், பிழை தன்னுடையது என்று நினைக்கும்.

ஒரு தங்கச்சி வளாகத்தில் ஆய்வுக்காகத் தாய்மாரிடம் எடுத்த நேர்காணல்களில் எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று எண்ணப் போனார். இணையத்தில் எல்லோரும் சொல்லித் தருகிற ரெகெக்ஸ் குறி இருக்கிறதே, சொல்லெழுத்துகளைப் பிடிக்கும் டபிள்யூ (\w), அதைத்தான் போட்டிருந்தார். விடையில் முதலிடத்தில் ஒற்றை எழுத்துகள்! பைத்தனின் அந்தக் குறி உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகச் சேர்ப்பதில்லை. அம்மா என்றால் புள்ளியில் ஒரு வெட்டு, அரவில் ஒரு வெட்டு. மிஞ்சுவது அம, ம. தாய்மார் பேசிய பேச்சில் அம்மாவே காணாமல் போய்விட்டார். மூன்று நாள் தன் கோட்டையே திட்டிக்கொண்டிருந்தவரிடம், இடைவெளியில் ஸ்பிளிட் செய்து ஓரங்களில் உள்ள நிறுத்தக்குறிகளை ஸ்ட்ரிப் செய்து நீக்கச் சொன்னேன். அவ்வளவுதான் வேலை.

கண்ணுக்குத் தெரியாத குறிகள் இன்னொரு தலைவலி. எக்செல்லில் யுனிகோட் சி.எஸ்.வி ஆகச் சேமித்தால் பைலின் தலையில் ஒரு மறைகுறி ஒட்டிக்கொள்ளும். பிரிண்ட் செய்தால் “பெயர்” என்றுதான் தெரியும், “பெயர்” என்ற தலைப்பைக் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று பைத்தன் சாதிக்கும். பிரிண்டை நம்பாமல், மறைந்த குறியையும் காட்டுகிற ரெப்பர் (repr) போட்டுப் பார்க்கப் பழக்கினால் பாதி வியாதி அங்கேயே பிடிபடும்.

சரி, நான் பிழைவிட்ட கதையையும் சொல்லத்தானே வேண்டும். உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதியில் கணக்குப் பார்க்கிற கிண்ணியாத் தம்பி ஒருவர், சீசன் தொடங்குவதற்கு முன் பழைய விருந்தினர்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று வந்தார். நம்பர்கள் கண்டபடி கிடந்தன. சிலதில் இடைவெளி, சிலதில் கோடு, சிலதில் முன்னால் நாட்டுக் குறி 94. சிலதில் முன்பூச்சியத்தை எக்செல் தின்றுவிட்டது. நான் பெரிய ஆள் மாதிரி, “இலக்கம் அல்லாததை எல்லாம் எறிந்துவிட்டுக் கடைசி ஒன்பது இலக்கத்தை எடுங்கள், முன்னால் பூச்சியம் போடுங்கள்” என்றேன். இலங்கை நம்பருக்கு அது அருமையான வழி. விடுதிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்! நிலாவெளியில் நீந்த வந்த ஜெர்மன்காரருக்குப் போக வேண்டிய செய்தி யார் வீட்டுக்குப் போனதோ. பைலைக் காட்டு என்று எல்லோருக்கும் சொல்கிற நான் அன்றைக்கு அந்தப் பைலைப் பார்க்கவில்லை. அவரும் மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த நாள் அவரே 94 இல்லாமல் கூட்டல் குறியில் தொடங்குகிறவற்றைத் தனியாகப் பிரித்துவிட்டார்.

ஏஐயிடம் கேட்டால் போதாதா என்று கீழே எழுதப் போகிறீர்கள், தெரியும். கேட்கட்டும், கோட் நன்றாகத்தான் தருகிறது. பைலைக் காட்டாமல் கேட்டால் அதுவும் என்னைப் போல ஊகித்துத்தான் சொல்லும். பைலில் ஐந்து வரி, அதிலிருந்து வரவேண்டிய விடையைக் கையால் எழுதி ஐந்து வரி. இந்த இரண்டையும் யாரிடமும் காட்டுகிற பழக்கம் பிள்ளைக்கு வந்தால் பாதிக் கேள்வியை அதுவே தீர்த்துவிடும். ஆட்களின் உண்மையான பெயரையும் நம்பரையும் மாற்றிவிட்டுக் காட்டச் சொல்லுங்கள், அதையும் நாங்கள்தான் பழக்க வேண்டும்.

கோவில் பட்டியல் முடிந்தது. தம்பி நானூறு சொச்சம் பற்றுச்சீட்டையும் யுனிகோடில் அச்சடித்து, இகரம் ஒன்றுகூட விடாமல் சரிபார்த்து, செயலாளர் ஐயாவிடம் பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தார். முதல் நாள் உபயம் செய்தவர் தன் பற்றுச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை வாசித்துவிட்டுக் கேட்டாராம்: “தம்பி, என்ர பேருக்கு முன்னால இந்த இனா எங்கால வந்தது? நான் ரானாவிலதானே எழுதிறனான்.”