எந்த பஸ் ஸ்டாண்டு எதிர்லய்யா?

எஃப்எம் ரேடியோல மறுபடியும் போட்டுட்டாங்க. பாட்டு முடிஞ்ச கையோட அந்த முப்பது செகண்ட் வீட்டு உபயோகப் பொருள் கடை விளம்பரம். நீங்களும் கேட்டிருப்பீங்க, பல்லைக் கடிச்சிருப்பீங்க.

முதல் ஆறு செகண்ட் நாதஸ்வரமும் கைதட்டலும். அடுத்த எட்டு செகண்ட் புருஷன் பொண்டாட்டி பேச்சு. "என்னங்க, ஃபிரிட்ஜ் பழசாயிடுச்சுங்க." "அதுக்கென்ன, கிளம்பு!" எங்கே கிளம்பணும்னு இன்னும் சொல்லவே இல்லை. அப்புறம் எட்டு செகண்ட் தள்ளுபடி, அதிரடித் தள்ளுபடின்னு ஒரே கூச்சல். எந்தப் பொருளுக்கு, எவ்வளவு, எந்தத் தேதி வரைக்கும்? மூச். முகவரிக்கு நாலு செகண்ட்: "பஸ் ஸ்டாண்டு எதிரில்." எந்த பஸ் ஸ்டாண்டுய்யா? புதுச்சேரி எஃப்எம் கடலூர்ல கேட்குது, நெல்லிக்குப்பத்துல கேட்குது. மறைமலை அடிகள் சாலையா, திருப்பாதிரிப்புலியூரா? கேட்கிறவன் ஜோசியம் பார்க்கணுமா? கடைசி நாலு செகண்ட்ல போன் நம்பர். பத்து இலக்கம், ஒரே மூச்சுல, நடுவுல ஒரு டபுள் ஃபோர், ஒரு ட்ரிபிள் செவன், கீழே தவில் இடி. முடிஞ்சது. ஒரே ஒரு தடவை.

பத்து இலக்கத்தை நிதானமா அஞ்சு அஞ்சாப் பிரிச்சுச் சொல்ல குறைஞ்சது அஞ்சு செகண்ட் வேணும். ரெண்டு தடவை சொல்லணும், ஆக பத்து செகண்ட். டபுள், ட்ரிபிள் எல்லாம் ஆகாது, "நாலு நாலு"ன்னே சொல்லணும். அந்த நேரத்துல பின்னணி இசையை அடியோட நிறுத்தணும். நிறைய பேர் கேட்கிறது போன்ல இருக்கிற சின்ன ஸ்பீக்கர்ல. அதுல தவிலும் குரலும் சேர்ந்து வந்தா ஏழும் எட்டும் ஒண்ணாத்தான் கேட்கும். விளம்பர நேரத்தைப் பத்து செகண்ட் கணக்குல, 18 சதவீத ஜிஎஸ்டியோட விக்கிறாங்க. அதுல ஆறு செகண்டைக் கைதட்டலுக்குக் கொடுக்கிறது கடைக்காரர் காசுக்குப் பண்ற துரோகம்.

2019ல இது எடுபட்டிருக்கலாம். நேரு வீதியில நடந்து போறவங்களுக்குக் கடை பேர் மனசுல நின்னாப் போதும், கண்ணுல பட்டதும் நுழைஞ்சிருவாங்க. 2020 மார்ச்சோட அந்தக் கதை மாறிப்போச்சு. ஊரடங்குல கடை திறக்கிற நேரமே அடிக்கடி மாறினதால, முதல்ல போன் பண்ணி "திறந்திருக்கா, சரக்கு இருக்கா, வீட்டுக்குக் கொண்டு வருவீங்களா"ன்னு கேட்கப் பழகினோம். சாமான் பட்டியலை வாட்ஸ்அப்ல அனுப்பினோம். ஜிபேல பணம் போட்டோம். ஊரடங்கு போச்சு, அந்தப் பழக்கம் போகலை. இன்னைக்கு விளம்பரத்துல உயிர்நாடியே நம்பர்தான். அதைத்தான் விழுங்கித் தொலைக்கிறாங்க!

அப்பவாவது திருந்தினாங்களா? முள்ளோடையில புதுச்சேரி - கடலூர் எல்லையை அடைச்சு, இ-பாஸ் இல்லாம ஒருத்தரும் தாண்ட முடியாத நாள்ல, கடலூர் வீடுகளுக்குள்ள "குடும்பத்தோட வாங்க, அள்ளிட்டுப் போங்க"ன்னு புதுச்சேரிக் கடை விளம்பரம் ஓடுச்சு. கோயம்பேட்டிலிருந்து திரும்பினவங்க வழியா கடலூர் மாவட்டத்துல தொற்று ஏறின 2020 மே மாசம், வாசலைத் தாண்டவே பயந்துகிட்டிருந்த ஜனத்தைக் கூட்டத்துக்குக் கூப்பிடுற விளம்பரம். "எங்க கடை மூடியிருக்கு, இந்த நம்பருக்கு ஆர்டர் சொல்லுங்க"ன்னு ஒரு குரல் பதிவு செஞ்சு மாத்த அரை நாள் கூட ஆகாது. சின்னக் கடைக்காரங்களுக்கு அதைச் சொல்லித் தர ஒரு ஆள் இல்லை.

நேரக் கணக்கும் பழசுதான். காலை ஏழு முதல் பதினொண்ணு, சாயந்தரம் அஞ்சு முதல் ஒன்பது. பெரும்பாலும் இதுதான் விளம்பரத்துக்குக் கூடுதல் விலை நேரம். ஆபீஸ் போற கார்க்காரரை வச்சுப் போட்ட கணக்கு. அத்தனை பேரும் வீட்டுக்குள்ள இருந்த மாசங்கள்ல, கேட்கிறது அடுப்படிக்கும் மதியத்துக்கும் நகர்ந்தப்போகூட அட்டவணையைத் தொடலை. "இலவச விளம்பர ஸ்பாட்"னு ஆசை காட்டுறதைப் பாருங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல கொண்டு போய்க் கொட்டுவாங்க. ரேடியோக்காரங்களைக் கேட்டா, "நேயர்கள் லட்சக்கணக்குல இருக்காங்க சார்." எதை வச்சு? ரேம்னு சொல்ற நேயர் கணக்கெடுப்பு டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு நாலு ஊரோட நின்னது. சென்னையே அதுல இல்லை, நம்ம ஊருக்கு எங்கே போறது? கடைக்காரரே, உங்களுக்கு நிஜக் கணக்கு வேணும்னா ரேடியோ விளம்பரத்துக்குன்னே தனி சிம் போடுங்க. அந்த எண்ணுக்கு எத்தனை பேர், எந்த நேரத்துல கூப்பிட்டாங்கன்னு கல்லாவில ஒரு நோட்டுல எழுதுங்க. ஒலிபரப்பின நேரப் பட்டியலைக் கேட்டு வாங்கி அதோட ஒத்துப் பாருங்க. ரெண்டு வாரத்துல எந்த நேரம் தண்டம்னு தெரிஞ்சிரும். பில் கட்டுற உங்களுக்கு அந்தப் பட்டியலைக் கேட்க உரிமை இருக்கு, கேளுங்க!

இதெல்லாம் போகட்டும், கேட்கிறதுக்குக் கருவி எங்கே? ஹெட்செட் ஒயர்தான் போன்ல எஃப்எம்முக்கு ஆன்டெனா. அதைச் செருகுற ஓட்டையையே அடைச்சு போன் விக்கிறாங்க. சில போன்ல எஃப்எம் வசதி உள்ளேயே இருக்கு, வேணும்னே முடக்கி வச்சிருக்காங்க. முடக்காதீங்கன்னு 2023ல மத்திய அரசே அறிவுறுத்தல் அனுப்பியும், ரேடியோ இல்லாத போன்தான் கடை நிறைய அடுக்கியிருக்கு. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல கடலூர்ல கரண்ட் போச்சு, டவர் போச்சு. அடுத்த புயலுக்கு இந்தக் கடற்கரை ஜனம் எதுல செய்தி கேட்கும்? ஒரு ஓட்டையை அடைச்சு என்னத்தய்யா மிச்சம் பிடிச்சீங்க?