கேட்டில் சாக்பீஸ் குறியா? திருடன் போட்டதல்ல

"வீட்டுச் சுவரில் P என்றிருந்தால் பெண் தனியாக இருக்கிறாள், X என்றிருந்தால் ஆள் இல்லை, திருடர்கள் போடும் குறி, உடனே பகிருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

அந்தக் குறிகள் போலியோ சொட்டு மருந்துப் பணியாளர்கள் போடுபவை. வீட்டிலுள்ள ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்தாயிற்று என்றால் P, மறுபடி வர வேண்டும் என்றால் X. கூடவே தேதி, குழு எண், அடுத்து எந்தப் பக்கம் போனார்கள் என்று ஓர் அம்புக்குறி. சந்தேகமிருந்தால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 104 எண்ணிலோ கேளுங்கள்.

வீடு பூட்டிக் கிடப்பதைக் காட்டிக்கொடுக்க சாக்பீஸ் தேவையே இல்லை. வெளிக் கேட்டில் தொங்கும் பூட்டு, கோலமில்லாத வாசல், குவிந்த செய்தித்தாள், பட்டப்பகலில் எரியும் வாசல் விளக்கு போதும். பெரும்பாலும் பூட்டை யாரும் உடைப்பதில்லை. கடப்பாரையால் நெம்பினால் சின்னத் திருகாணியில் நிற்கும் நாதாங்கி கையோடு வந்துவிடும். நாதாங்கியைத் திருகாணிக்குப் பதில், கதவை ஊடுருவி உள்பக்கம் நட்டு வைத்து முடுக்கிய போல்ட்டால் பொருத்துங்கள். வெளியூர் போகுமுன் காவல் நிலையத்தில் சொல்லி, ரோந்தில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்கலாம். அவசரத்துக்கு 100 அல்லது 112.

2018 மே மாதம் போளூர் அருகே, குழந்தை கடத்துபவர்கள் என்ற வதந்தியை நம்பிய கூட்டம் கோயிலுக்குப் போன குடும்பத்தை அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்தார். வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்மீதும் இப்படிச் சந்தேகம் விழலாம். இந்தத் தகவலைப் பகிராதீர்கள். அனுப்பியவரிடமும் அழிக்கச் சொல்லுங்கள்.