கழித்ததெல்லாம் தானம் ஆகாது

தீபாவளி நெருங்கும்போது மொரீஷியஸின் ரோஸ் ஹில், கத்ர் போர்ன் பக்கம் நம் வீடுகளில் அலமாரிகள் காலியாகத் தொடங்கும். வேண்டாதவற்றை மூட்டை கட்டிக் கோவில் மண்டபத்திலோ ஏதாவது ஓர் ஆதரவற்றோர் இல்லத்தின் வாசலிலோ வைத்துவிட்டு வந்தால் புண்ணியம் சேர்ந்துவிட்டதாக நமக்கு ஒரு நிம்மதி. அந்த மூட்டைகளைப் பிரித்து அடுக்கும் வேலைக்குப் போய்வருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: அவற்றில் பாதியைத் தானம் என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

சென்ற முறை வந்த ஒரு மிக்ஸியின் ஜாருக்கு மூடி இல்லை. அடியில் சட்னி காய்ந்து கறுத்து ஒட்டியிருந்தது. ஒயரைப் பாதியில் வெட்டியிருந்தார்கள். நன்றாக ஓடும் மின்விசிறி ஒன்றும் வந்தது, ஆனால் அதன் இரண்டு முள் பிளக்குக்கான அடாப்டரைக் கொடுத்தவர் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார். பிரிட்டிஷ் பிளக்கும் பிரெஞ்சு பிளக்கும் கலந்து புழங்கும் மொரீஷியஸில், அந்தச் சிறு துண்டு இல்லாவிட்டால் வாங்கிச் செல்பவர் முதலில் கடைக்குத்தான் ஓட வேண்டும்.

இல்லாதவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் உதவிதானே என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். உதவாத பொருளை அப்புறப்படுத்தும் செலவும் அலைச்சலும் கொடுத்தவரிடமிருந்து அந்த இல்லத்தின் தலைக்கு மாறுகின்றன, அவ்வளவுதான். லாரி வாடகையையும் அவர்களே கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த லாரிச் சுமை கடைசியில் எங்கே போகிறது? 1997 முதல் இத்தீவின் ஒரே குப்பைக்கிடங்காக இருக்கும் மார் ஷிகோஸுக்கு. குப்பையைச் சேர்த்துப் பெரிய லாரிகளுக்கு மாற்றும் ஐந்து நிலையங்கள் வழியாக ஆண்டுக்கு 5 இலட்சம் டன் அளவில் குப்பை அங்கே வந்து குவிகிறது. பக்கத்துக் கிராமத்து மக்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டியதாயிற்று. 2022 நவம்பரில் பற்றிய தீ எளிதில் அடங்கவில்லை. 2016-இல் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்ததைப் பெருமையாகப் பேசும் நாம், கிழிந்த சோபாவை அதே கிடங்குக்குச் சுற்றுவழியில் அனுப்புவதைப் பற்றிப் பேசுவதில்லை. காலி மனையில் வீசப்படும் டயரிலும் பழைய ஃபிரிட்ஜிலும் தேங்கும் மழைநீர் கொசுவுக்குத் தொட்டிலாவதைச் சிக்குன்குனியா கண்ட ஊருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உண்மையில் தேவைப்படுபவை வேறு. ஜனவரியில் பள்ளி திறக்கும்போது சீருடை கேட்டு வரும் தாய்மார்களைத் திருப்பி அனுப்பக் கஷ்டமாக இருக்கிறது. பேட்ஜ் பள்ளிக்குப் பள்ளி மாறுவதால், வளர்ந்துவிட்ட பிள்ளையின் சீருடையைத் துவைத்து, பட்டன் தைத்து, அதே பள்ளியில் படிக்கும் இன்னொரு பிள்ளைக்கு டிசம்பரிலேயே சேர்ப்பது நல்லது. பருத்திப் புடவை, அடி பிடிக்காத பாத்திரம், காலாடாத நாற்காலி ஆகியவை வந்த அன்றே போய்விடும். கண்ணாடி உடைந்த சாமி படங்களைக் கோவில் மரத்தடியில் சாய்த்துவிட்டுப் போவது மட்டும் வேண்டாம். அங்கே குழந்தைகள் வெறுங்காலோடு நடக்கிறார்கள்.

உடைந்த கட்டில், நனைந்த மெத்தை போன்றவற்றை எப்போது, எப்படி எடுத்துச் செல்வார்கள் என்று உங்கள் நகராட்சியிலோ மாவட்ட மன்றத்திலோ தொலைபேசியில் கேளுங்கள். மின்சாதனம் கொண்டுவருபவர்களுக்கு ஒரு செய்தி: இம்முறை வாசல் மேசையில் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று இருக்கும். உங்கள் முன்னிலையிலேயே செருகிப் பார்ப்போம், ஓடாததைக் கையோடு திருப்பித் தருவோம். கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.